மயில் நீலம் பார்க்கச் சிவாஜிநகர் போனேன்

தொண்ணூற்றேழாம் வருடம், கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பிராட்வேயில் பெங்களூர் பஸ் ஏறினேன். டிக்கெட் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. ஜன்னலோரம் கிடைத்தது. வேறு நாளாக இருந்தால் அதற்கே எனக்குச் சந்தோஷம் தாங்காது. அன்றைக்கு ஜன்னல் இருந்ததே நினைவில்லை. முந்தின நாள் சாயங்காலம் தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது பிடித்த படபடப்பு இன்னும் விடவில்லை.

போனில் பேசியது சேஷகிரி சாரின் மகள் சுமித்ரா.

"அப்பாவுக்கு இடது கண் போயி ரொம்ப நாள் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டார். வலது கண்ணுல புரை வளந்து அதுவும் தெரியலை. போன வாரம் ஆபரேஷன் பண்ணியிருக்கோம். கறுப்புக் கண்ணாடியைக் கழட்டலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. ஏகாம்பரம் வந்தாத்தான் கழட்டுவேன்னு ஒரே பிடிவாதம்."

லைன் கட்டான பிறகும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பூத்துக்காரப் பெண், "தாத்தா, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டாள்.

சேஷகிரி சார் கேமராமேன். தமிழ்ப் படமெல்லாம் கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கலர் பிலிமைத் தைரியமாகக் கையில் எடுத்த நாலைந்து பேரில் ஒருவர். நான் அவரிடம் லைட்காரன். மேலே பலகையில் உட்கார்ந்து விளக்கைத் திருப்புகிறவன். பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொல்லச் சொல்ல இதை என் மகள்தான் எழுதுகிறாள். "அப்பா, பஸ் இன்னும் பூந்தமல்லியைத் தாண்டலை" என்கிறாள். தாண்டும்.

வேலூரில் பஸ் நின்றது. இட்லி வாங்கினேன், தொண்டையில் இறங்கவில்லை. ஆம்பூரில் பக்கத்து சீட்டுக்கு ஒருவர் வந்தார். ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறாராம். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"கேமராமேனா? சரி, எந்தப் படம்? ஹீரோ யாரு?"

சொன்னேன்.

"அட, அந்தப் படமா! மூணு தடவ பாத்தேங்க. அதுல கேமராமேன்னு ஒருத்தர் இருந்தாரா?"

அவர் இல்லாமல் படம் எப்படி வரும் என்று கேட்க நினைத்தேன். ரோஜா வளர்க்கிறவரிடம் என்ன சண்டை.

சாரின் அப்பா மைசூர் சமஸ்தானத்தில் மராமத்து வேலை பார்த்தவர். மகனும் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போவான் என்று இருந்தார். மகன் ஒரு பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மதராசுக்கு ரயிலேறிவிட்டார். ஸ்டூடியோவில் கேமராவைச் சுமக்கும் வேலையில் சேர்ந்து, தொட்டு, துடைத்து, கடைசியில் அதற்குப் பின்னால் உட்கார்ந்தார். கலர் வருகிறது என்று பேச்சு எழுந்ததும் பம்பாய்க்குப் போய், பிலிம் கழுவும் லேபில் கிடந்து கற்றுக்கொண்டு வந்தார்.

கறுப்பு வெள்ளையில் வெள்ளைச் சட்டை போட்டால் திரையில் கூசும். அதனால் ஹீரோவுக்கு மஞ்சள் சட்டை தைப்பார்கள். படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். அரண்மனைச் சுவருக்கு மிச்சம் மீதி இருக்கிற எந்தப் பெயின்ட்டையும் அடிப்பார்கள். எங்கள் முதல் கலர் படத்தின் முதல் நாள், டெய்லர் பழக்கதோஷத்தில் மஞ்சள் சட்டையே தைத்துவிட்டார். சுவருக்குப் பச்சை. ஹீரோவின் அப்பா செத்துப்போகிற காட்சி. சார் கேமராவை விட்டு எழுந்து வந்தார். "யோவ், அப்பன் செத்ததுக்கு இவன் என்னய்யா கிளி வேஷம் கட்டியிருக்கான்?" என்றார். அழுதுகொண்டிருந்த ஹீரோவே சிரித்துவிட்டார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் துண்டுப் பழக்கம். மற்றவர்கள் கண் கறுப்பு வெள்ளைக்குப் பழகினது, அதை நம்பமுடியாது என்று சார் முடிவு கட்டிவிட்டார். தினமும் முதல் ஷாட்டுக்கு முன்னால் "ஏகாம்பரம், துண்டு!" என்று ஒரு சத்தம். ஹீரோயின் நிற்கவேண்டிய இடத்தில் நான் போய், என் வெள்ளைத் துண்டை மார்பில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். சார் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடிப் பார்ப்பார். "வெள்ளை" என்று அவர் வாயால் சொன்னால்தான் வேலை நடக்கும். சொல்லாவிட்டால் விளக்கில் கோளாறு என்று அர்த்தம். வெள்ளை சரியாக இருந்தால் மற்ற கலரெல்லாம் தானே சரியாக இருக்கும் என்பார். ஹீரோயினம்மா என்னை "பெரிய ஹீரோயின்" என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்.

லைட்காரர்கள் நாங்கள் படத்தை அதன் பெயரால் சொல்லமாட்டோம், பட்ட பாட்டால் சொல்லுவோம். அந்த முதல் கலர் படம் எங்களுக்கு "மயில் நீலம்." ஒரு பாட்டுக்கு ஹீரோயினுக்கு மயில் கழுத்து நிறத்தில் சேலை வேண்டும் என்று சார் ஆசைப்பட்டார். அந்தக் காலத்துப் பிலிமில் நீலம் பேனா மையாக வரும், இல்லாவிட்டால் சாம்பலாக வரும். சாயக்காரரைத் திரும்பத் திரும்பத் தோய்க்கவைத்தார். கலருக்கு விளக்கு அதிகம் வேண்டும். கரிக்குச்சி எரிகிற ஆர்க் விளக்குகளின் சூட்டில் மேலே நாங்கள் வெந்துபோனோம், கீழே ஹீரோயினம்மா மயங்கி விழுந்தார். எடுத்த பிலிம் பம்பாய்க்குப் போய்த் திரும்பி வரும்வரை சார் சரியாகச் சாப்பிடவில்லை. போட்டுப் பார்த்தோம். திரையில் மயில் வந்து நின்றது. சார் ஒன்றும் பேசாமல் என் தோளிலிருந்து துண்டை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மனிதருக்கா கண் தெரியவில்லை? கிருஷ்ணகிரி மலைகள் வந்து போயின. நான் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஒரு மணி வாக்கில் கர்நாடக எல்லையில் அத்திபெலே சோதனைச்சாவடி. ஓசூரில் இறங்கவேண்டிய ரோஜாக்காரர் பேச்சு சுவாரஸ்யத்தில் இங்கே வந்துவிட்டார். "பரவால்ல, இங்கயும் நம்ம ஆளுங்க கடை இருக்கு. ஐயா, ஒண்ணு சொல்றேன். பெங்களூர்ல தமிழ்ல விலை கேளுங்க, கன்னடத்துல பேரம் பேசுங்க. ரெண்டு ஊர்க்காரனுக்கும் மனசு குளிர்ந்துரும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இரண்டரைக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு. பெங்களூரை நான் பார்த்துப் பல வருடம். லால்பாக்கில் ஷூட்டிங் என்று வந்தபோது ரோட்டில் சைக்கிள்காரர்கள் கேமராவுக்கு வழிவிட்டு நின்றார்கள். இப்போது நான் ரோட்டைத் தாண்டவே ஒரு போலீஸ்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. ஆட்டோக்காரர், "எல்லி ஹோகபேக்கு?" என்றார். நான் விழித்ததும், "எங்க போணும் பெருசு?" என்றார்.

"மல்லேஸ்வரம். ஆனா தம்பி, மெதுவா போ."

"மெதுவா போனா பின்னாடி இருக்கறவன் நம்மள தூக்கினு போயிடுவான்" என்று சொல்லிப் பறந்தார். மீட்டர் இருபது ரூபாய் காட்டியது.

சார் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் பாதியை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி. மெலிந்து, கழுத்து நீண்டு, சட்டைக்குள் ஆள் எங்கே என்று தேடவேண்டியிருந்தது. ஆணையிட்டுச் சொல்கிறேன், தெருவில் பார்த்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன்.

"வாய்யா. காலை இழுத்து இழுத்து நடக்கற. கிழவனாயிட்டியா?"

"நீங்க மட்டும் குமரனா சார்?"

"என்னைப் பாத்து நீ பயந்துட்டே. குரல்ல தெரியுது. உக்காரு."

சுமித்ரா பாங்க் உத்தியோகம் பார்க்கிறவர், ஐம்பது வயது இருக்கும். காபி கொண்டுவந்து வைத்தார். "சிவாஜிநகர்ல ஒரு தியேட்டர்ல இந்த வாரம் காலைக் காட்சி அப்பாவோட அந்தப் படம். பேப்பர்ல படிச்சுக் காமிச்சேன், அதுதான் நான் பண்ணின தப்பு. புதுக் கண்ணால முதல்ல அந்த நீலத்தைத்தான் பாப்பேங்கறார். அதுவரைக்கும் வீட்டுச் சுவரைக்கூடப் பாக்கமாட்டாராம்."

"சுவத்துல என்ன இருக்கு?" என்றார் சார்.

"என் முகம் இருக்கே அப்பா."

"நீ எங்கேயும் ஓடிப்போகலை. படம் வெள்ளிக்கிழமை மாறிடும்."

சுமித்ரா என்னை வாசல் வரை அழைத்துப்போய்த் தணிந்த குரலில் சொன்னார். "இருக்கறது இந்த ஒரு கண்தான். இதுவும் சரியா வரலைன்னா அப்பா தாங்கமாட்டார்."

மறுநாள் காலை பத்தரை மணிக்கு மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் சிவாஜிநகர் போய் இறங்கினோம். பஸ்கள் உரசிக்கொண்டு நின்றன. ஒரு பக்கம் துணிக்கடை, ஒரு பக்கம் கறிக்கடை, நடுவில் எங்களைப் போன்றவர்களுக்கு ஓரடி இடம். தியேட்டர் வாசலில் புதிதாக அடித்த போஸ்டர்.

"போஸ்டர்ல சேலைக்கு என்ன நீலம் போட்டிருக்கான்?" என்று சார் கேட்டார்.

"பேனா மை சார்."

"மடையன். உள்ளே வா, நிஜத்தைப் பாக்கலாம்."

பால்கனி டிக்கெட் இருபது ரூபாய். கிழிந்த ரெக்சின் சீட்டு. மொத்தமாக ஒரு முப்பது பேர், பாதிப் பேர் வெயிலுக்கு ஒதுங்கினவர்கள். சார் கண்ணாடியைக் கழற்றவில்லை, உள்ளே கண்ணையும் மூடியிருந்தார். பாட்டு வரும்போதுதான் கழற்றுவாராம்.

படம் ஆரம்பித்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மறுபடி துடைத்துக்கொண்டேன்.

திரை முழுக்கச் சிவப்பு. ரோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றின மாதிரி. வானம் ரோஸ், மரம் ரோஸ், ஹீரோவின் முகம் வெந்த இறால். நாங்கள் வெந்து செத்து எடுத்த படமா இது? சுமித்ரா என் கையைப் பிடித்தார்.

சார் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "இப்போ ரயில் போகும். புகைக்குப் பின்னாடி நாத்தங்காலு. அந்தப் பச்சை எப்படி இருக்கு?"

"இருக்கு சார்" என்றேன். "பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று எழுந்தேன்.

நேராக ஆபரேட்டர் அறைக்கு ஏறினேன். மிஷின் பக்கத்தில் தாடி வைத்த ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். பிரேசர் டவுன்காரர், எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

"மிஷின்ல என்னங்க கோளாறு? கார்பன் சரியா எரியலையா? படம் செவசெவன்னு ஓடுதே!"

"இன்னா பெரியவரே, மூச்சு வாங்குது, மொதல்ல குந்து. மிஷின் ஜம்முனு கீது. படம்தான் அப்டி. பழைய கலர் பொட்டி எது வந்தாலும் இதே கதைதான். நீலம் மொதல்ல ஓடிப்பூடும். பச்சை பின்னாலயே பூடும். செவப்பு மட்டும் வாடகை குடுக்காத ஆளு மாதிரி குந்திக்கினு இருக்கும்."

"வேற காப்பி?"

"இதான் கடைசி. நெகட்டிவ் எப்பவோ கெட்டுப் பூட்ச்சுன்னு பொட்டி எட்தாந்த ஆளு சொன்னான்." ஒரு துண்டுப் பிலிமை பல்புக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அதிலும் சிவப்புதான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "நீ இந்தப் படத்துல வேலை செஞ்சவனா? அல்லா! தெரியாம பேசிட்டேன் பா."

படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். இருபது முப்பது வருடத்தில் மனிதன் நரைக்கிறான், சரி. படத்துக்குமா? கலர் என்பது பெட்டிக்குள் பூட்டி வைத்தால் அப்படியே இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன். சார் அதைவிட நிச்சயமாக நினைத்திருந்தார்.

வராந்தாவில் சுமித்ரா நின்றிருந்தார். சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்கோ. ப்ளீஸ். ரொம்ப நன்னா இருக்குன்னு சொல்லிடலாம்."

"அவரு பாத்துடுவாரே அம்மா."

"ஆபரேஷன் ஆன கண், கொஞ்சம் கலங்கலா இருக்கும்னு நினைச்சுப்பார். பின்னாடி மெதுவாச் சொல்லிக்கலாம்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பாட்டு வந்தது. வீணை ஒரு தரம் ஒலித்ததுமே சார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். ஹீரோயினம்மா படியிறங்கி வந்தார். சேலை, தோல் உரித்த மாமிசத்தின் நிறத்தில் இருந்தது. சார் அசையவில்லை. நான் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அதுவும் சிவப்பாக இருந்தது.

"ஏகாம்பரம், சேலை எப்படிய்யா இருக்கு?"

"அன்னிக்குப் பாத்த மாதிரியே சார். மயில் கழுத்து."

"சுமி?"

"ரொம்ப அழகா இருக்குப்பா."

"நீலம் நல்லா வந்திருக்கா?"

"நல்லா வந்திருக்குப்பா."

சார் பின்னால் சாய்ந்தார். "சரி. நல்லா இருக்கட்டும்" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. எதற்கென்று எனக்குப் புரியவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, கடையில் சாமான் தீர்ந்துவிட்டது என்று சொல்லுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"என் கண்ணு போச்சுய்யா. எல்லாம் ஒரே செவப்பாத் தெரியுது. உள்ளே ரத்தம் கசியுது போல."

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்துவிட்டோம்! படத்தைக் காப்பாற்றப் போய் அவர் கண்ணைப் பிடுங்கிவிட்டோம். சுமித்ராவைப் பார்த்தேன். அவர் சாரை நோக்கிக் கை நீட்டினார்.

சார் எழுந்துவிட்டார். "துண்டு வெச்சிருக்கியா?"

"இருக்கு சார்."

"வா வெளில."

பக்கக் கதவைத் தள்ளினால் ஒரு சந்து. நல்ல வெயில். எதிரே துணிக்கடையில் சேலைகள் தொங்கின. அதற்கு அடுத்தது கறிக்கடை. சார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய் வெயிலில் நின்று, தோளிலிருந்த துண்டை எடுத்து மார்பில் விரித்துப் பிடித்தேன். கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாபா, துணி விக்கறியா?" என்று ஒருவர் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துண்டு சிவப்பு என்று சார் சொன்னால் அவர் கண் போனது. வெள்ளை என்று சொன்னால் படம் போனது. இரண்டில் எது வேண்டும் என்று யாரிடம் வேண்டிக்கொள்வது?

சார் கண்ணாடியைக் கழற்றினார். வெயிலில் கண் கூசித் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டார். போய்விட்ட இடது கண்ணை, அந்தக் காலத்துப் பழக்கத்தில் கையால் மூடிக்கொண்டார். பார்த்தார்.

"வெள்ளை" என்றார்.

சுமித்ரா அழுதுகொண்டே சிரித்தார். சார் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த கடைக்குப் பார்வை போனது.

"அது பச்சை. கிளிப்பச்சை. பக்கத்துல மஞ்சள். அந்தக் கறி செவப்பு." கொஞ்சம் நிறுத்தினார். "மேலே மூணாவதாத் தொங்கறது நீலம். மட்டமான சாயம், ஆனா நீலம்."

ஒவ்வொரு கலராக அவர் சொல்லச் சொல்ல சுமித்ராவின் முகம் மலர்ந்தது. நான் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். திறந்திருந்த கதவு வழியாகப் பாட்டின் கடைசிச் சரணம் கேட்டது. சார் தலையைத் திருப்பி இருட்டுக்குள் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். சுமித்ராவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வேற காப்பி இருக்கான்னு கேட்டியா?" என்றார் என்னிடம்.

"இதுதான் கடைசியாம் சார். நெகட்டிவும் இல்லையாம்."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சந்து முனையில் இருந்த டீக்கடையைக் காட்டி, "பை-டூ சொல்லு" என்றார். பெங்களூரில் ஒரு டீயை இரண்டு கிளாசில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொடுப்பதற்கு அப்படிப் பெயர். சுமித்ரா வேண்டாம் என்று தள்ளி நின்றார். நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தோம்.

"மயில் கழுத்துன்னு சொன்னியே," என்றார் சார்.

"மன்னிச்சுருங்க சார்."

"அட, அது கிடக்கட்டும். நீ அப்படிச் சொன்னதும் கண்ணு போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா சந்தோஷமா இருந்துச்சுய்யா. நான் பாக்காட்டா என்ன, அது அப்படியே இருக்கேன்னு."

கிளாசைக் கீழே வைத்தார்.

"இப்போ கண்ணு இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். என் தலையில் இடியை இறக்கிவிட்டு அவர் எழுந்து நடந்தார். வீட்டுக்குப் போகலாமா என்று சுமித்ரா கேட்டதற்கு, "பாதிதானே ஆயிருக்கு" என்று தியேட்டருக்குள்ளேயே போனார். கண்ணாடி இல்லாமல் கடைசிவரை பார்த்தார். முடியப்போகிற நேரத்தில் ஒரே ஒரு தடவை என் பக்கம் குனிந்தார்.

"அந்தத் தூண் பக்கத்துல லைட் ஜாஸ்தி. உன் வேலைதானே?"

"என் வேலைதான் சார்."

"அன்னிக்கே சொன்னேன்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மெஜஸ்டிக்கில் திரும்ப பஸ் ஏறினேன். அத்திபெலே தாண்டி ஓசூர் வரும்வரை சாலையோரத்தில் இருந்த ஒவ்வொரு நிறமும் கண்ணில் குத்தியது. லாரியின் நீலம், வாழைத்தோப்பின் பச்சை, பிளாஸ்டிக் குடங்கள். இவற்றில் எதற்கும் ஒரு கேமராமேன் பம்பாய் வரை போய்ப் பாடுபடவில்லை. எல்லாம் கொட்டிக் கிடக்கின்றன. பாடுபட்டது போய்விட்டது. எவ்வளவு யோசித்தும் இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

சென்னைக்கு வந்து சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், டிவியில் பழைய பாட்டு போடும் நேரத்தில் அந்தப் பாட்டு வந்தது. எங்கள் வீட்டில் இருப்பது கறுப்பு வெள்ளை டிவி. மகள் கலர் வாங்கலாம் என்கிறாள், நான்தான் தள்ளிப்போட்டு வருகிறேன். ஹீரோயினம்மா படியிறங்கி வந்தார். சிவந்துபோன அதே காப்பியாகத்தான் இருக்கவேண்டும், ஆனால் எங்கள் டிவியில் சிவப்பு இல்லை. ஒரு கறையும் இல்லை. நெற்றியில் நான் விட்ட விளக்கு, தோளில் வழிந்து, சேலை மடிப்பு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, சார் சொன்ன இடத்தில் வந்து நின்றது.

என் மனைவி அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அந்தச் சேலை என்ன கலரு?"

"நீலம்" என்றேன். "மயில் நீலம்."

அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.